பெயர் பொறித்த பொதியும் பெயரில்லாச் சிலம்பும்

தமிழில் 'பொருள்' என்னும் சொல் ஒன்றே பலவற்றைக் குறித்து நிற்கின்றது. சொல் உணர்த்தும் கருத்தும் பொருள். கையால் எடுத்துப் பார்க்கும் பண்டமும் பொருள். தேடிச் சேர்க்கும் செல்வமும் பொருள். தொல்காப்பியத்தின் மூன்றாம் அதிகாரம் பொருளதிகாரம் எனப்படுகின்றது. திருக்குறளின் நடுப்பகுதி பொருட்பால் எனப்படுகின்றது. எனவே, வாழ்வில் பணத்திற்கு உரிய இடம் யாது என்னும் வினா நமக்குப் புதியதன்று. அகத்திணை நூலோர் தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களுள் பொருள்வயிற் பிரிவையும் ஒன்றாக வகுத்தனர். பணம் முதலில் பிரிப்பது கணவனையும் மனைவியையுமே என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் நாகூரிலும் சபர் சென்ற கணவனின் மடலுக்குக் காத்திருந்த பெண்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இத்துறையை உரையாசிரியர் துணையின்றியே விளங்கிக்கொள்ள இயலும்.

பட்டினப்பாலையை எண்ணிப் பார்ப்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் 301 அடிகளில் பாடிய இந்நூல் காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தை விரிவாகப் பேசுகின்றது. கடல்வழி வந்த குதிரைகளும், மலையிலும் ஆற்றுவெளியிலும் விளைந்தவையும், ஈழத்திலிருந்தும் கடாரத்திலிருந்தும் வந்த பண்டங்களும் அங்கே குவிந்து கிடந்தன. இத்தனையும் பாடிவிட்டுப் புலவர், 'இந்நகரையே பெறுவதாயினும் என் தலைவியைப் பிரிந்து வாரேன்' என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்வதாகப் பாட்டை அமைக்கின்றார். நகரின் வளமெல்லாம் வேண்டாம் என்று சொல்வதற்காகவே அவ்வளம் விரித்துரைக்கப்பட்டுள்ளது! இப்பாட்டுக்குக் கரிகாலன் 16 நூறாயிரம் பொன் கொடுத்தான் என்று கலிங்கத்துப்பரணி கூறுவது வேறு செய்தி. பொருளை மறுத்த பாட்டு பெரும்பொருள் ஈட்டியது என்று நம் மாணவர்கள் நகைப்பதுண்டு. நாமும் உடன் நகைத்திருக்கின்றோம்.

புகாரின் வாணிகம்

இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரி கடலோடு கலக்குமிடத்தில், பூம்புகார் ஒரு கடற்கரைச் சிற்றூராக விளங்குகின்றது. 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காண மாணவர்கள் பேருந்துகளில் வருகின்றனர். பழைய நகரின் பெரும்பகுதியைக் கடல் கொண்டது என்பது மரபு. அருகில் கீழையூரில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டப்பட்ட படகுத்துறையின் எச்சம் வெளிப்பட்டது. புகாரின் கொடுக்கல் வாங்கல் எத்தகைய ஒழுங்குடையதாய் இருந்தது என்பதை மண்ணைக் காட்டிலும் ஏடே நமக்கு மிகுதியாகச் சொல்கின்றது.

இரண்டு செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பட்டினப்பாலையில், துறைமுகத்தில் இறங்கும் பண்டங்களுக்கும் ஏறும் பண்டங்களுக்கும் சுங்கம் கொள்வோர் சோழர்தம் புலிப்பொறியை இட்டுப் புறத்தே அடுக்குகின்றனர். அந்நகர வணிகர் வாங்கும் பொருளை மிகையாகக் கொள்வதில்லை. விற்கும் பொருளைக் குறைத்துக் கொடுப்பதில்லை. மற்றொரு செய்தி சிலப்பதிகாரத்தில் உள்ளது. இந்திரவிழவூரெடுத்த காதை புகாரின் ஐவகை மன்றங்களைக் கூறுகின்றது. அவற்றுள் வெள்ளிடை மன்றம் திறந்தவெளியாகும். அங்கே புதிதாக வந்த வணிகர்களின் பொதிகள் கிடக்கும். ஒவ்வொரு பொதியிலும் உரியவர் பெயரும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். வாயிலில்லை, தாழில்லை, காவலில்லை. யாரேனும் களவாட முற்படின், அப்பொதியைத் தலையில் ஏற்றி, கழுத்து நோவ ஊரைச் சுற்றி வரச் செய்யுமாம் அம்மன்றம்.

பூதங்களும் தெய்வமன்றங்களும் காப்பிய மரபைச் சார்ந்தவை. ஆயினும் மன்றத்தின் அடியில் இருக்கும் நடைமுறை உண்மையை நாம் தவற விடலாகாது. பொதியின்மேல் எழுதிய பெயரே அங்கே காவல். இது இன்னாருடையது என்று ஊரார் அறிந்திருக்கும்வரை அதை எடுத்தவன் எங்கும் விற்க இயலாது.

இச்செய்தியை முதற்காண்டத்தில் வைத்த இளங்கோவடிகள், அடுத்த காண்டத்தில் பெயர் எழுதப்படாத ஓர் அணிகலனைப் பெயர் சொல்லாத ஒருவன் கையில் கொடுத்து அயலூர் வீதிக்கு அனுப்புகின்றார். சிலப்பதிகாரத்தை ஊழின் காப்பியம் என்றும் கற்பின் காப்பியம் என்றும் பேசியோர் பலர். அவற்றை நாம் மறுக்கவில்லை. பணம் என்பது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் அந்நூல் ஆராய்கின்றது என்பதே நாம் சொல்ல வருவது.

1008 கழஞ்சு

அரங்கேற்று காதையில் மாதவி தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகின்றாள். அதே மதிப்புடைய மாலையைக் கூனி ஒருத்தி கையிலேந்தி, நகர நம்பியர் திரியும் மறுகில் நிற்கின்றாள். மாலையை வாங்குபவர் மாதவிக்கு மணமகன் ஆவார் என்பது ஏற்பாடு. கோவலன் வாங்குகின்றான். பிற்காலக் கல்வெட்டுகளைக் கொண்டு ஒரு கழஞ்சைச் சற்றேறக்குறைய 5 கிராமுக்கு மேல் எனக் கொள்வோமாயின், இத்தொகை 5 கிலோ பொன்னையும் கடந்துவிடும். சவரன் கணக்கில் 600க்கு மேல். பெரும் வணிகனாகிய மாசாத்துவானின் மகனுக்கே இது விளையாட்டுத் தொகையன்று.

அக்காட்சியில் மாதவி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாலை இருக்கின்றது, விலை இருக்கின்றது, வாங்குபவன் இருக்கின்றான். அவள் ஆடலும் பாடலும் கற்ற ஏழாண்டுப் பயிற்சியும் அவள் மனமும் விலைக்குள் அடங்கிவிட்டன எனக் கொள்ளப்பட்டது. பின்னர், கானல்வரியில் அவள் பாடிய பாட்டுக்கு அவன் தவறாகப் பொருள் கொண்டு பிரிகின்றான். விலை கொடுத்து வாங்கியவனுக்கு எப்போதும் ஓர் ஐயம் உள்ளேயே இருக்கும் போலும். கொடுத்ததற்குக் கிடைத்ததா, அல்லது அன்பினால் கிடைத்ததா என்று.

இனி, கனாத்திறம் உரைத்த காதை. முன்னோர் தேடித் தந்த மலைபோன்ற பொருளைத் தொலைத்துவிட்டேன், இவ்வறுமை நாணம் தருகின்றது என்று கோவலன் கண்ணகியிடம் சொல்கின்றான். மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமையால் இவ்வாறு சொல்கின்றான் போலும் என்று கருதிய கண்ணகி, சிலம்புகள் உள்ளன, கொள்க என்கின்றாள். அவன் அச்சிலம்பையே வாணிக முதலாகக் கொண்டு மதுரை சென்று இழந்ததை ஈட்டுவேன் என்கின்றான். அன்று வைகறையில், எவருக்கும் சொல்லாமல் இருவரும் ஊரைவிட்டுப் புறப்படுகின்றனர்.

இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, கோவலனின் தந்தை பெருஞ்செல்வர்தானே! அவரிடம் கேட்டிருக்கலாமே?" என்றாள். எளிய வினாவாகத் தோன்றினும் காப்பியத்தின் ஆணிவேரைத் தொடும் வினா அது. கோவலன் பணம் இல்லாமையால் புகாரைவிட்டுப் போகவில்லை. பணம் இல்லாமைக்கு நாணிப் போனான். பெயரறிந்த ஊரில் தலைகுனிந்து வாழ்வதைக் காட்டிலும் பெயரறியாத ஊரில் தொடங்குவது மேல் என எண்ணினான்.

மதுரையில் சொல்லப்படாத பெயர்

மதுரையின் புறஞ்சேரியை அடைந்ததும் கோவலன் கவுந்தியடிகளிடம், இந்நகர வணிகர்க்கு என் நிலையை உணர்த்தி வருகின்றேன், அதுவரை இவள் உங்கள் காவலில் இருக்கட்டும் என்கின்றான். செய்ய வேண்டியது அதுதான். ஆனால் ஊர்காண் காதையில் அவன் என்ன செய்கின்றான்? வீதி வீதியாகச் செல்கின்றான். மணிக்கடை வீதியைக் காண்கின்றான். நால்வகைப் பொன்னைப் பிரித்தறிந்து கொடி நட்டு விற்கும் பொற்கடை வீதியைக் காண்கின்றான். அறுவை வீதியையும் கூல வீதியையும் காண்கின்றான். நகரைக் கண்டு மகிழ்ந்து திரும்பி வருகின்றான். எந்த வணிகரிடமும் தன்னை இன்னான் என்று சொன்னதாக அடிகள் ஓரிடத்தும் பாடவில்லை. சொல்லச் சென்றவன் சொல்லாமல் வந்தான்.

சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கும் விடை நூலிலேயே இருக்கின்றது. அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் மாதரியிடம் கூறுவது யாது? இவள் கணவனுடைய தந்தையின் பெயரைக் கேட்டால், இந்நகரில் உள்ள அவர்தம் குலத்து வணிகர்கள், கிடைத்தற்கரிய பொருளைப் பெற்றவர்போல் எதிர்கொண்டு விருந்தோம்பித் தம் மனையில் வைத்துக்கொள்வர் என்கின்றார். மாசாத்துவானின் பெயர் மதுரையிலும் செல்லும் நாணயமாக இருந்தது. மகன் அதை மாற்றவில்லை. சிலம்பை மாற்றச் சென்றான்.

வழியில் எதிர்ப்பட்டவன், நூறு கொல்லர் பின்வர நடந்து வந்த அரண்மனைப் பொற்கொல்லன். அரசிக்கு ஏற்ற சிலம்புக்கு உன்னால் விலை மதிக்க இயலுமோ என்று கோவலன் கேட்கின்றான். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அப்பொற்கொல்லனே. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு சூழ்நிலைதான்: விலையுயர்ந்த பொருள், அறிமுகமற்ற ஆள். காவலர்களுள் சிலர், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லன் உடனே களவு நூலோர் கூறும் உத்திகளையெல்லாம் எடுத்தோதுகின்றான். ஒருவன் இன்னான் என்று தெரியாதபோது அவனைப் பற்றி எதையும் சொல்லலாம், எவரையும் நம்பவைக்கலாம்.

வழக்குரை காதையில் கண்ணகி செய்தது என்ன? முதலில் ஊரைச் சொன்னாள். பிறகு குடியைச் சொன்னாள், மாமனார் பெயரைச் சொன்னாள், கணவன் பெயரைச் சொன்னாள். அதன்பின்னரே சிலம்பின் உள்ளிருக்கும் பரலைப் பற்றிச் சொன்னாள். கணவன் வணிகரிடம் சொல்லியிருக்க வேண்டியதை மனைவி அரசவையில் சொன்னாள். அரசியின் சிலம்பில் முத்து; இவள் சிலம்பில் மாணிக்கம். புறத்தே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. விலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்திருக்கும். விலை என்பது வேறுபட்ட இரண்டை ஒன்றெனக் காட்டும் கருவி. நீதிக்கு வேண்டியிருந்ததோ, ஒன்றுபோல் தோன்றிய இரண்டின் வேறுபாடு.

ரசீது கேட்ட காலம்

காப்பியம் இவ்வளவோடு நிற்கட்டும். காவிரிப் படுகையில் சிலம்பின் கதை ஒவ்வோராண்டும் நடக்கின்றது. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கும் ஆண்டில் குறுவைக்கு நாற்று விட வேண்டும், அடுத்துச் சம்பா, தாளடி. உழவுக்கும் விதைக்கும் உரத்திற்கும் நடவுக் கூலிக்கும் பணம் முன்னதாகவே வேண்டும். நெல்லின் விலையோ அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் எடை போடப்பட்ட பின்னரே கைக்கு வரும். இடைப்பட்ட மாதங்களைக் கடப்பது வீட்டுப் பெண்களின் கழுத்தணியே. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திற்கோ வங்கிக்கோ அடகுக்கடைக்கோ சங்கிலி போகின்றது. தைக்குப் பின் மீள்கின்றது. வெள்ளம் வந்த ஆண்டில் மீள்வதில்லை. நம் வீடுகளில் கருகமணி கோத்த சங்கிலியும் இவ்வாறே விசாவுக்காகப் போய் வந்ததுண்டு. கண்ணகி ஒரு முறை கூறியதை நம் தாய்மார்கள் பருவத்திற்கு ஒரு முறை கூறுகின்றனர். 2021ஆம் ஆண்டு கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரை அடகு வைத்தோரின் கடனைத் தமிழக அரசு நிபந்தனைகளுடன் தள்ளுபடி செய்தபோது, இந்நகைகள் எத்தனை எத்தனை வீடுகளின் முதல் என்பது வெளிப்பட்டது.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கான வரைவு நெறிமுறைகளை வெளியிட்டது. அடகு வைக்கப்படும் நகை கடன் பெறுவோருக்கே உரியது என்பதைச் சரிபார்த்த சான்றைக் கடன் வழங்குவோர் பேண வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தமிழகத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. முதலமைச்சர் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பாட்டி போட்ட காப்புக்கும், தாய்மாமன் சீராகத் தந்த தோட்டுக்கும் ரசீதுக்கு எங்கே போவது? ஜூன் 6ஆம் நாள் இறுதி நெறிமுறைகள் வந்தன. ரசீது இல்லாதோர் உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் ஆளுநர் விளக்கினார். இரண்டரை இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம் என்ற தளர்வும் கிடைத்தது.

அந்நாட்களில் செய்தித்தாளைப் படித்தபோது நமக்குக் கோவலன் நினைவே வந்தது. மதுரை வீதியில் அவனிடம் ரசீது இல்லை. ரிசர்வ் வங்கியின் எண்ணம் தீயதன்று. களவு நகை அடகுக்கு வரக்கூடாது என்பது பாண்டியனுக்கும் இருந்திருக்க வேண்டிய எண்ணமே. ஆனால் பரம்பரை நகைக்கு உள்ள ஒரே சான்று, 'இது இன்னார் வீட்டு நகை' என்று அறிந்த கண்கள். கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளருக்கு அது தெரியும். உள்ளூர் நகை மதிப்பீட்டாளருக்கு அது தெரியும். தொலைவிலிருந்து சட்டம் இயற்றுவோருக்கு அது தெரிவதற்கு வழியில்லை. 2023 ஏப்ரல் முதல் புதிதாக விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க அடையாளக் குறியீடு கட்டாயமாகியுள்ளது. அது பொன்னின் தூய்மையைச் சொல்லும். எந்த வீட்டுப் பெண் அதை அணிந்தாள் என்று சொல்லாது.

காசின் நன்மை

இவ்வாறு கூறுவதால் பெயரறிந்த ஊரெல்லாம் நல்ல ஊர், காசு புழங்கும் ஊரெல்லாம் கெட்ட ஊர் என்று நாம் கொண்டுவிட்டதாக மாணவர்கள் எண்ணிவிடலாகாது. இதே தஞ்சைத் தரணியில் மரக்காலால் நெல் அளந்து கூலி தந்த காலத்தில், களத்தில் நின்றவனின் பெயரும் சேரியும் அனைவரும் அறிந்தனவே. அவ்வறிவு அவனுக்குக் காவலாக அமையவில்லை, விலங்காக அமைந்தது. கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். காசு அவ்வாறன்று, அது கொடுப்பவனின் குலத்தைக் கேட்பதில்லை. நகரத்துக் கடையில் காசை நீட்டுபவனிடம் நீ யார் மகன் என்று கேட்பாரில்லை. ஒடுக்கப்பட்டவனுக்கு அம்முகமின்மை ஒரு விடுதலை. கோவலனும் அந்த விடுதலையைத்தான் மதுரையில் தேடினான் எனலாம். அவனுக்கு அது கேடாக முடிந்தது.

மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார் மதுரைக் கூலவாணிகர் எனப்படுகின்றார். நெல்லையும் பயற்றையும் அளந்து விற்ற ஒருவர், அள்ள அள்ளக் குறையாத, விலை கேட்காத ஒரு பாத்திரத்தைப் புகார் நகரின் பசித்தோர் நடுவே வைத்தது எண்ணி மகிழத்தக்கது. அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. அவள் கணவன் சாதுவனும் கணிகையாலும் சூதாலும் பொருளிழந்து கடலோடியவனே. அவன் மீண்டு வந்தான். ஒரே நகரில் இரண்டு கணவர்கள், ஒரே பிழை, இரண்டு முடிவுகள். விரிவான ஒப்பாய்வுக்கு உரிய பொருள் இது; ஆய்வு மாணவர் எவரேனும் மேற்கொள்ளலாம்.

நாணம் என்னும் வட்டி

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகும். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதிவைப்பதைப் பற்றியது. அடுத்த வசனம், பயணத்தில் இருந்து எழுதுவோன் கிடைக்காவிடில் அடகுப் பொருளைக் கையில் ஒப்படைக்கலாம் என்கின்றது. எழுத்து, சாட்சி, அடகு ஆகிய மூன்றும் மனிதன் இன்னான் என்பதைக் கொடுக்கல் வாங்கலினின்று நழுவவிடாமல் காக்கும் வழிகள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவசம், வாற்கோதுமைக்காக யூதர் ஒருவரிடம் அடகில் இருந்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. மதீனாவில் அதை எவரும் மறைக்கவில்லை. அதனாலேயே அது நம்வரை வந்து சேர்ந்துள்ளது.

நம் ஊர்களில் நகையை அடகு வைப்போர் பலர் உள்ளூர்ச் சங்கத்தைத் தவிர்த்துப் பேருந்து ஏறி அடுத்த ஊர் அடகுக்கடைக்குச் செல்வதை நாம் அறிவோம். சங்கத்தில் வட்டி குறைவு, அங்கே மிகுதி. தெரிந்தவர் கண்ணில் படாமல் இருப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அவ்வட்டி வேறுபாடு. மகளின் திருமணத்திற்குக் கைக்கூலி கேட்டோர் முன் இல்லை என்று சொல்ல நாணி, மும்மடங்கு கடன்பட்டு, பின்பு கடன்காரர் வாசலில் நிற்பதற்கு அஞ்சி இரவோடிரவாகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் உண்டு. மஹர் கொடுத்து மணக்க வேண்டிய இடத்தில் கைக்கூலி வாங்கி மணக்கும் வழக்கத்தை இச்சமுதாயப் பெரியோர் கண்டித்து வருகின்றனர். அத்துடன், இல்லை என்று ஒருவர் சொல்லும்போது அதைக் கேட்கும் ஊர் எவ்வாறு கேட்கின்றது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.

வகுப்பில் அம்மாணவி எழுப்பிய வினாவுக்கு இளங்கோவடிகளே விடை வைத்திருக்கின்றார். புறஞ்சேரி இறுத்த காதையில், மாதவியின் மடலை ஏந்திக் கோவலனைத் தேடி வந்த கௌசிகன் வழியில் அவனைக் காண்கின்றான். உன் பெற்றோர் மணியை இழந்த நாகம்போல் ஒடுங்கினர், உன்னைத் தேடிக் கொணர்க என்று ஏவலாளரைத் திசையெங்கும் அனுப்பினர் என்று உரைக்கின்றான். மாசாத்துவான் தொலைந்த பொருளைக் கேட்டதாக அவன் ஒரு சொல்லும் கூறவில்லை. கோவலன் கேட்டான், கலங்கினான். மாதவி எழுதிய அம்மடலையே தன் பெற்றோரிடம் சேர்க்குமாறு கௌசிகன் கையில் கொடுத்தான். கௌசிகன் புகாரை நோக்கித் திரும்பினான். கோவலன் மதுரையை நோக்கி நடந்தான்.